மூன்றாம் எண் பல்லி

அரசாணையில் அதன் பெயர் காற்றுவழிக் கிருமி உணரி. அந்தப் பெயரை யாராவது வாயால் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறை. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் முதல் நாள் சொன்னார். இரண்டாம் நாள் அவரும் பல்லி என்றுதான் சொன்னார்.

சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை. முதலில் வந்த பெட்டிகள் கிருமியைக் கண்டால் ஆம்புலன்ஸ் மாதிரி அலறின. கல்யாண மண்டப உரிமையாளர்கள் கொதித்துப்போனார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது தும்மினாலே ஆகாது, அந்தத் தும்மல் காதில் விழாமல் இருக்கத்தான் கெட்டிமேளமே கொட்டுகிறோம், அங்கே வந்து சங்கு ஊதினால் எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கம்பெனி சத்தத்தை மாற்றியது. 'ட்ச், ட்ச், ட்ச்'. யாரையும் பயமுறுத்தாத சத்தம் என்று எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பல்லி சாஸ்திரம் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில், காற்றில் கிருமி தென்படும்போதெல்லாம், ஜனங்கள் விரலால் தரையைத் தட்டிக் கும்பிட்டார்கள்.

சளிக்காய்ச்சல் இரண்டாம் முறை வந்து ஊரைப் பாதியாக்கிவிட்டுப் போன பிறகு போட்ட சட்டம் இது. நூறு பேருக்கு மேல் கூடுகிற எந்தக் கூரைக்குக் கீழேயும் பல்லி இருக்க வேண்டும். பல்லிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும். கோவில்பட்டிக்குக் கிழக்கே இருந்த தங்கநாச்சி மகாலில் அந்த ஆள் நான். மொத்தம் பன்னிரண்டு பெட்டிகள்; கிருமி பட்டால் பெட்டியின் எண் என் டேப்லெட்டில் சிவக்கும். மூன்று சிவந்தால் மண்டபத்தைப் பூட்டி, உள்ளே இருக்கிற எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுச் சோதிக்க வேண்டும். பதினான்கு நாள் அங்கே எதுவும் நடக்கக் கூடாது. ஆனால் பூட்டுவதற்கு முன் பத்து நிமிடம் எனக்குக் கொடுப்பார்கள். இது கிருமி இல்லை, வேறு காரணம் என்று நான் டேப்லெட்டில் அழுத்தினால் எல்லாம் பச்சையாகிவிடும். காரணங்களின் பட்டியலில் முதலில் இருந்தது புகை.

ஓமப்புகை, சாம்பிராணி, வாசலில் பன்னீர் தெளிக்கிற இயந்திரம். இவையெல்லாம் பல்லியைக் குழப்பும் என்பது உண்மைதான். அதனால்தான் அந்தப் பொத்தானை வைத்தார்கள். நாங்களும் அதை நன்றாகவே பயன்படுத்தினோம்.

ஆனி இருபத்தெட்டு. அந்த மாதத்தின் கடைசி முகூர்த்தம். காலை ஏழு மணிக்கு ஏணியில் நின்று மூன்றாம் எண் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது மணமகள் அறை வாசலுக்கு மேலே இருந்தது. கதவு திறந்து கல்யாணப் பெண்ணே வெளியே வந்தாள். பாதிச் சடைதான் பின்னியிருந்தது. உள்ளேயிருந்து பூ வைக்கிற பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது எப்படி வேலை செய்யுது?"

கல்யாணப் பெண் கேட்கிற கேள்வி இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

"காத்த உறிஞ்சும்மா. உள்ள ஒரு பட்டை இருக்கு. அந்தக் கிருமி வந்தா மட்டும் அதுல ஒட்டிக்கிடும். ஒட்டினா பட்டையில ஓடுற கரண்டு லேசா மாறும். ஒயரு கியரு ஒண்ணும் கிடையாது, நேரா என் டேப்லெட்டுக்கு வந்துரும். தொண்ணூறு செகண்டு."

"நாயுருவி பாவாடையில ஒட்டுற மாதிரி."

"அதேதான்."

"யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு சொல்லுமா?"

"ஆளச் சொல்லாது. எடத்தச் சொல்லும், நேரத்தச் சொல்லும்."

"எத்தன செவந்தா மண்டபத்த மூடுவீங்க?"

"மூணு."

"அப்ப மூணச் செவக்க வச்சிருங்க."

ஏணியிலிருந்து இறங்கினேன். அவள் விளையாடவில்லை.

"இன்னிக்கு நின்னுச்சுன்னா நாலஞ்சு நாள்ல ஆடி பெறந்துரும். ஆவணி வரைக்கும் முகூர்த்தம் கிடையாது. அதுக்குள்ள எங்கப்பாவ ஒரு வழிக்குக் கொண்டாந்துருவேன்."

"மாப்பிள்ளையப் பிடிக்கலையா?"

"மாப்பிள்ளை பரவால்ல. வேலைக்குப் போகக் கூடாதுங்காங்க. நான் எல்.கே.ஜி. டீச்சர். நாப்பது பிள்ளைக. முந்தாநாள் வரைக்கும் லீவு போடாமப் போயிட்டுத்தான் வந்தேன்."

அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கல்யாணப் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தால் அழுதிருக்கிறாள் என்றுதான் எவனும் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"பொய் ரிப்போர்ட்டெல்லாம் நம்மகிட்ட நடக்காதும்மா" என்றேன்.

முந்தின வாரம் மட்டும் நான்கு கல்யாணங்களில் புகை என்று அழுத்தியிருந்தேன். அதில் ஒன்றில் ஓமமே வளர்க்கவில்லை, சீர்திருத்தக் கல்யாணம். அது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணத்தை நடத்தலாம் என்று பழமொழி இருக்கிறது. நிறுத்துவதற்குச் சொல்கிற பொய்க்குப் பழமொழி கிடையாது.

அவள் பாதி பின்னிய சடையைக் கையில் சுருட்டிப் பிடித்தாள். "யோசிச்சுப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பூங்கோதை என்ற பெயரை வாசல் வளைவில் இருந்த பூ எழுத்தில்தான் படித்தேன்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா அந்த அறை வாசலில் நின்று, "இனி ஒரு தடங்கலும் இல்ல, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்" என்று பெண் வீட்டாரிடம் சொன்னார். தலைக்கு மேலே 'ட்ச், ட்ச், ட்ச்'.

"பாத்தீங்களா, பல்லியே சொல்லிருச்சு" என்றார். அவருடைய தங்கை, தடித்த கண்ணாடி போட்ட அம்மாள், குனிந்து தரையைத் தட்டிக் கும்பிட்டாள்.

டேப்லெட்டில் மூன்றாம் எண் சிவந்திருந்தது.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். எல்.கே.ஜி. டீச்சர். மூக்கு ஒழுகுகிற பிள்ளையின் கைக்குட்டை எதையாவது பையில் போட்டுக் கொண்டுவந்து பெட்டியில் தேய்த்திருக்கிறாள். செய்யக்கூடியவள்தான். எமகாதகி. என்னிடமேவா?

ஒன்பது இருபதுக்கு மணமேடையில் ஐந்தாம் எண்ணும் ஆறாம் எண்ணும் சிவந்தன. பத்து நிமிடம் ஓட ஆரம்பித்தது. மண்டப மேனேஜர் சுடலையாண்டி அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னடே இசக்கி, பல்லி கூட்டமாச் சொல்லுது?"

"மூணு செவப்பு அண்ணாச்சி."

"ஓமம் வளக்காங்கள்ல? புகையாத்தான் இருக்கும்."

"மூணாம் நம்பர் பொண்ணு ரூம்பு வாசல்ல இருக்கு. அங்க ஏது ஓமம்?"

"எவளாவது தலைக்குச் சாம்பிராணி போட்டிருப்பா. நீ என்ன, கிருமியப் பொறந்ததுல இருந்து கண்ணால பாத்தவன் மாதிரி பேசுத? பந்தியில எல போட்டாச்சு. ஐயர் தாலிய எடுத்துட்டாரு. அழுத்துடே."

நான் மேடையைப் பார்த்தேன். அவள் அங்கிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னபடி நான் செய்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பார்வை நன்றி. எனக்கு அது மாட்டிக்கொள்ளாத திருடியின் பார்வையாகத் தெரிந்தது.

அதுவரை சோம்பலிலும் பயத்திலும் அழுத்தியவன், அன்றுதான் முதன்முறையாக நேர்மையாக அழுத்தினேன். புகை.

நாகஸ்வரக்காரரைப் பார்த்து யாரோ விரலை ஆட்டினார்கள். கெட்டிமேளம் கொட்டியது. டேப்லெட்டில் எல்லாம் பச்சை; அந்தச் சத்தத்துக்குள் மூன்று பல்லிகளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. யார் காதிலும் விழவில்லை. கிளம்பும்போது சுடலையாண்டி அண்ணாச்சி எனக்கு இரண்டு தாம்பூலப் பை கொடுத்தார்.

பத்தொன்பதாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா செத்துப்போனார்.

இதை அப்போது நான் கேள்விப்படவில்லை. கேள்விப்பட்டிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். ஆடி முழுக்க மண்டபம் காலி. பட்டைகளை மாற்றினேன், ஒட்டடை அடித்தேன். மாதக் கடைசியில் கம்பெனி எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பியது. ஒருமுறைகூட மண்டபத்தைப் பூட்ட நேராத பணியாளர்களில் நானும் ஒருவன்.

புரட்டாசியில் அவள் வந்தாள். நான் பந்திக்கூடத்தில் பெட்டிகளைக் கழற்றித் தரையில் வைத்திருந்தேன். எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு வருகைப் பதிவேடு.

"என்னைய ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஆடிக்கு அழைச்சுட்டு வந்தாங்க. ஆவணியில திரும்பக் கூப்பிட ஒருத்தரும் வரல. நான் வீட்டுக்குள்ள காலெடுத்து வச்ச நேரம், அத்தையக் கொண்டுபோயிருச்சாம். மாமனாருக்கு ஒரு தங்கச்சி உண்டு, கண்ணாடி போட்டவுக. அவுக சொல்லுதாக, 'அன்னிக்குப் பல்லி மொதல்ல சொன்னது எட்டு மணி வாக்குல, பொண்ணு ரூம்பு வாசல்லதான், நான் பக்கத்துல நின்னு கேட்டேன், தெக்குப் பக்கம், நம்ம யாரும் அப்ப வெளங்கிக்கிடல'ன்னு."

எங்கள் கம்பெனி சர்வரில் இருந்த தகவலும் அதேதான். இடம் சரி, நேரம் சரி. அந்த அம்மாள் டேப்லெட் இல்லாமல் சொல்லியிருக்கிறாள்.

"சரிம்மா. அந்த வீட்டுக்குத் திரும்பப் போகணுங்கியா?"

"அந்த வீடு யாருக்கு வேணும்? எனக்கு என் வகுப்பு வேணும். ஆவணியில போயிச் சேந்தேன். ரெண்டே வாரம். பேரன்ட்ஸ் எல்லாம் பிள்ளைய பி செக்ஷனுக்கு மாத்துங்கன்னு நிக்காங்க. வர்ற விஜயதசமிக்கு அரிசியில 'அ' எழுத வைக்கணும். இந்தக் கை பிடிச்சு எழுதக் கூடாதாம்." கையைத் தூக்கிக் காட்டினாள். "எங்க ஸ்கூல் மேடம் வீட்ல இருன்னுட்டாங்க."

பதிவேட்டைத் திறந்தாள். மாணவர் பெயர் எழுதுகிற இடத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்கள். தேதிக் கட்டங்களில் எக்ஸ் குறிகள்.

"அத்தைக்குக் காய்ச்சல் நாலாம் நாள். எங்க சித்தப்பாவுக்கும் நாலாம் நாள். வீடியோ எடுத்தவருக்கு அஞ்சாம் நாள். சமையக்காரங்கள்ல ஆறு பேரு. மொத்தம் இருபத்தேழு. மூணு பேரு இப்ப உசிரோட இல்ல. மூணும் வேற வேற ஊரு, அதனால யாரும் சேத்து வச்சுப் பாக்கல. ராசின்னா சமையக்காரர எதுக்குப் பிடிக்கணும்? இது கிருமி. உங்க ரிப்போர்ட்டுல புகைன்னு இருக்கு. அத மாத்திக் குடுங்க."

"மாத்தினா எனக்கு வேல போயிரும்."

"எனக்குப் போயிருச்சு."

நான் பட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்து போகிற மாதிரித் தெரியவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றாள். "மூணச் செவக்க வச்சீங்க. பெறகு ஏன் புகைன்னு போட்டீங்க? பயந்துட்டீங்களா?"

"நான் எங்க செவக்க வச்சேன்? தானாச் செவந்துச்சு. நீதான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

"நான் என்ன பண்ண? சேலையில நடக்கவே முடியல."

கேட்க வேண்டியதை அவளே கேட்டாள்.

"மொதல்ல செவந்தது எது?"

"மூணு. எட்டு பத்துக்கு. மேடையில செவந்தது நீ அங்க போயி உக்காந்த பெறகுதான்."

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். நடுவில் நிஜமான வகுப்பின் பக்கங்களும் இருந்தன. ஆனி மாதப் பக்கத்தில் விரலை வைத்து எண்ணினாள்.

"அந்த வாரம் என் வகுப்புல பதினேழு பிள்ளைக வரல. சளி. வந்ததுகளுக்கும் மூக்கு சிந்தி விட்டுட்டே இருந்தேன்."

"இங்க பாரு தாயி" என்றேன். "புகைன்னே இருந்துட்டுப் போகட்டும். கிருமின்னு மாத்தினா மூணுல ஆரம்பிச்சதுன்னு நேரத்தோட அதுலயே வந்துரும். இப்ப ராசியில்லாதவங்காங்க. அப்ப மாமியாரக் கொன்னது இவதாம்பாங்க."

இதை அவளுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை.

அவள் அழவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"கிருமி பதினாலு நாள்ல போயிரும் அண்ணே. ராசி போகாது. மாத்துங்க."

மாற்றினேன். பெரிய மனமாற்றம் ஒன்றும் இல்லை. மாற்றாவிட்டால் அவள் மறுநாளும் வருவாள், அந்தப் பதிவேட்டோடு. அதற்கடுத்த நாளும் வருவாள். இருபத்தேழு பெயரையும் நான் ஏற்கெனவே ஒரு முறை படித்துவிட்டேன். நூற்றிருபது நாளுக்குள் திருத்தலாம் என்று விதி இருக்கிறது, நாள் இருந்தது. திருத்துவதற்கான காரணத்தை டேப்லெட் கேட்டது. பட்டை பழுது, பூச்சி நுழைந்தது, மின்தடை என்று ஒரு பட்டியல். நான் செய்தது அதில் இல்லை. 'மற்றவை' என்ற இடத்தில் நானே எழுதினேன்: பணியாளர் தவறாக நினைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் திருத்திய அறிக்கை வந்தது. அதன் பின்னாலேயே, டேப்லெட்டை ஒப்படைக்கச் சொல்லி இன்னொன்றும் வந்தது. சுடலையாண்டி அண்ணாச்சிக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் பிறகு என்னோடு பேசவில்லை.

மறுநாள் பிற்பகல் அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அறிக்கையை யாராவது விளங்கவில்லை என்றால் விளக்க வேண்டும் என்றாள். எனக்கும் வேறு வேலை இல்லை. தனித்தனிக் கூரையோடு மூன்று வகுப்பறைகளும் ஒரு வேப்பமரமும் உள்ள நர்சரி. பல்லி கிடையாது. ஒரு கூரைக்குக் கீழே நூறு பேர் இல்லை.

தலைமையாசிரியை சாந்தகுமாரி மேடத்துக்கு என் விளக்கம் தேவைப்படவில்லை. எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவர். இரண்டு பக்கத்தையும் படித்தார், அட்டவணையைப் படித்தார், மூன்றாம் எண்ணின் வரைபடத்தை விரலால் தொடர்ந்து போனார். அந்த அறிக்கையை முழுதாகப் புரிந்துகொண்டு படித்த முதல் ஆளும் கடைசி ஆளும் அவர்தான்.

"ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். "அப்ப நம்ம எல்.கே.ஜி.யில இருந்து உனக்கு. உங்கிட்ட இருந்து மண்டபத்துக்கு."

"ஆமா மேடம். ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ராசியாவது மண்ணாவது. நான் அதையெல்லாம் என்னிக்கு நம்பியிருக்கேன்? உனக்கே தெரியும்."

"தெரியும் மேடம். அப்ப நாளைக்கு வரட்டா?"

மேடம் அறிக்கையை மடித்தார். வந்த மடிப்பிலேயே, ஓரம் பிசகாமல் மடித்தார்.

"பூங்கோதை, ஒக்காரு. பதினேழு பிள்ளைக ஒரே வாரத்துல படுத்தா சுகாதாரத் துறைக்கு நான் எழுதி அனுப்பணும். அனுப்பல. அட்மிஷன் நேரம். எல்லாருக்கும் வர்ற சளின்னு விட்டுட்டேன். இத நான் பேரன்ட்ஸ்கிட்டக் காட்டினேன்னு வையி, மறுநாளே வந்து பூட்டுவாங்க. நீ, நான், ஆயாம்மா, வேன் ஓட்டுறவரு, எல்லாரும் வெளிய நிக்கணும்."

"அதுக்கு?"

"யாரையும் கொற சொல்லல. யோசிச்சுப் பாரு. ராசின்னா நீ ஒருத்தி வெளிய போனாப் போதும். கிருமின்னா பள்ளிக்கூடத்தையே மூடணும்."

அறிக்கையை மேஜைமேல் நகர்த்தி வைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் இதே கணக்கைத்தான் நானும் போட்டிருந்தேன்.

பூங்கோதை தாளை எடுத்தாள். மடிப்பைப் பிரித்து, உள்ளங்கையால் நீவி நேராக்கினாள். இரண்டாம் பக்கத்தை முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், சார்ட் ஒட்டுவதற்கு முன் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"சரிங்க மேடம். நாலு குண்டூசி குடுங்க."

தாளைச் சேர்த்துக் குத்திப் பத்திரமாக வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று மேடம் நினைத்திருக்க வேண்டும். டப்பாவையே நகர்த்தினார்.

அவள் நான்கை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு எழுந்தாள். நோட்டீஸ் போர்டு கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மணி மூன்றேகால். பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.